சிறிய மீன்பிடி ஏரிகளில் படகு மோட்டாருக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மூன்று ஏரிகளை எடுத்துக்கொள்வோம். 535 ஏக்கர் பரப்புள்ள மார்ஷ் கிரீக் ஏரியில் மின்மோட்டாருக்கு மட்டுமே அனுமதி உண்டு. 1,450 ஏக்கர் பரப்புள்ள நாக்கமிக்ஸன் ஏரியில் 20 குதிரைத்திறன் வரையிலான பெட்ரோல் எஞ்சினை ஓட்டலாம். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியதான ஆர்தர் ஏரியிலும் அதே 20 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு. மேற்கே மிசௌரி மாநிலத்தின் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை நிலங்களுக்குப் போனால் கணக்கே வேறாக இருக்கிறது. அங்கே 70 ஏக்கருக்குக் குறைந்த ஏரிகளில் பொதுவாக மின்மோட்டார் மட்டும்தான்; அதற்கு மேற்பட்ட ஏரிகளில் 10 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சினையும் இறக்கலாம், ஆனால் அலை எழும்பாத மெதுவான வேகத்தில்தான் அதை ஓட்ட வேண்டும்.

ஒரே படகை வைத்துக்கொண்டு வார இறுதிகளில் ஏரி ஏரியாகத் தூண்டில் போடச் செல்பவருக்கு இவை தாறுமாறான விதிகளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கு நிகரான மின் எஞ்சின்கள் சந்தைக்கு வந்துவிட்ட இன்றைய நிலையில் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. இந்த விதிகள் எதைக் காக்க எழுதப்பட்டன, எந்த இடத்தில் அவை தம் நோக்கத்தைத் தவறவிடத் தொடங்கியுள்ளன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## இவை யாருடைய ஏரிகள்?

இங்கே பேசப்படும் சிறிய ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கையாக அமைந்தவை அல்ல. ஓடையின் குறுக்கே மண் அணை கட்டித் தேக்கியவை. சில, மீன்பிடிப்புக்கென்றே மாநில அரசுகள் வெட்டியவை. சில, ஊர்களின் குடிநீர்த் தேக்கங்கள். சில, வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டவை.

இந்த வேறுபாடு சட்டத்தில் முக்கியமானது. படகு செல்லத்தக்க இயற்கை நீர்நிலைகளின் படுகையை மாநில அரசு மக்களின் சார்பில் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-ஆம் ஆண்டின் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே வழக்கில் உறுதிப்படுத்தியது. அத்தகைய நீரில் கட்டுப்பாடு கொண்டுவர அரசு கூடுதலான நியாயம் காட்ட வேண்டியிருக்கும். தானே நிலம் வாங்கி, தானே அணை கட்டிய ஏரியிலோ அரசு நில உரிமையாளர் என்ற நிலையிலும் விதி வகுக்கலாம். அதனால்தான் சிறிய செயற்கை ஏரிகளில் கட்டுப்பாடு கடுமையாகவும், ஏரிக்கு ஏரி வேறுபட்டும் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜான்சன் சட்டமும், அதை விரிவாக்கிய 1984-ஆம் ஆண்டுத் திருத்தமும், மீன்பிடிக் கருவிகளின் மீது மத்திய அரசு விதிக்கும் வரியை மாநில மீன்வளத் துறைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. தூண்டிற்கோல் போன்றவற்றுக்கு 10 சதவீதம், மின் படகு மோட்டாருக்கு 3 சதவீதம் என வரி வசூலாகிறது. மோட்டார் படகுகள் எரிக்கும் பெட்ரோலின் வரியில் ஒரு பங்கும் இதே நிதியில் சேர்கிறது. "என் பெட்ரோல் வரியில் பராமரிக்கும் ஏரியில் என் எஞ்சினுக்கு இடமில்லையா?" என்று பெரிய படகு வைத்திருப்பவர்கள் கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது.

## கட்டுப்பாட்டின் வகைகள்

1. மோட்டார் அறவே கூடாது. துடுப்பு மட்டுமே. மிகச் சிறிய குளங்களிலும், சில குடிநீர்த் தேக்கங்களிலும் இந்த விதி உண்டு.

2. மின்மோட்டார் மட்டும். சிறிய மீன்பிடி ஏரிகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. இதற்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. சில ஏரிகளில் பெட்ரோல் எஞ்சின் படகின் பின்புறம் தூக்கிவைக்கப்பட்டிருந்தால் போதும், இயக்காமல் இருக்க வேண்டும் என்பார்கள். சில ஏரிகளில் எஞ்சினையே கழற்றிவிட்டுத்தான் படகை இறக்க வேண்டும்.

3. குதிரைத்திறன் வரம்பு. பெரும்பாலும் 10, சில இடங்களில் 20.

4. எந்த எஞ்சினும் வரலாம், ஆனால் அலை எழுப்பாத வேகத்தில் மட்டும். கியரைப் போட்டு, எஞ்சினை முடுக்காமல் விடும்போது படகு தானாக நகரும் வேகத்தையே இது குறிக்கிறது.

5. நேரக் கட்டுப்பாடு. பகலின் குறிப்பிட்ட சில மணி நேரங்களில் மட்டும் வேகமாகச் செல்லலாம் என்பது போன்றவை. மீன்பிடிப்புக்கென்றே அமைந்த ஏரிகளில் இது அரிது.

மூன்றாவது வகை எஞ்சின் சந்தையையே மாற்றியது. பல ஏரிகளில் 10 குதிரைத்திறன் வரம்பு வந்தபின், அதற்குள் அடங்கும்படி 9.9 குதிரைத்திறன் எஞ்சின்களை 1970-களில் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்தார்கள். இன்றும் அந்த எண் ஒரு தனி வகையாகவே விற்பனையாகிறது. அவற்றில் பல, 15 குதிரைத்திறன் எஞ்சினின் அதே உடற்பகுதியைக் கொண்டவை. கார்புரேட்டர் போன்ற சில பாகங்கள்தான் வேறு. எனவே மேலுறையில் 9.9 என்று எழுதியிருக்கும் எஞ்சின் உள்ளே 15 ஆக மாற்றப்பட்டிருந்தால், கரையில் நிற்கும் காவலரால் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. குதிரைத்திறனை அளவுகோலாகக் கொண்ட விதியின் முதல் பலவீனம் இது.

இரண்டாவது பலவீனம் படகின் இயக்கத்திலேயே இருக்கிறது. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகின் இயல்பான உச்ச வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. 16 அடிப் படகுக்கு ஏறத்தாழ மணிக்கு 10 கிலோமீட்டர். அதற்கு மேல் போக முயலும்போது முன்புறம் தூக்கி, பின்புறம் அமிழ்ந்து, படகு நீரை உழுதுகொண்டு போகிறது. போதிய திறன் இருந்தால் இந்தக் கட்டத்தைக் கடந்து நீரின் மேற்பரப்பில் சறுக்கத் தொடங்கும். அப்போது எழும் அலை சிறுத்துவிடும். இருவர் அமர்ந்து, ஐஸ் பெட்டியும் பேட்டரியும் ஏற்றிய கனமான படகை 9.9 குதிரைத்திறன் பெரும்பாலும் அந்த மேல்நிலைக்குக் கொண்டுபோகாது. ஆக, முடுக்கியை முழுதும் திருகிச் செல்பவர், அலை மிகப் பெரிதாக எழும் அந்த நடுக்கட்டத்திலேயே ஏரி முழுக்கச் சுற்றுகிறார். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், கரைக்கு நேரும் சேதம் தோற்றத்தில் தெரிவதைவிட அதிகம்.

## எதைக் காக்க இந்த விதிகள்?

### இடநெருக்கடி

70 ஏக்கர் ஏரி சரியான வட்டமாக இருப்பதாகக் கொண்டால், அதன் விட்டம் சுமார் 600 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்துக்குள் இக்கரையிலிருந்து அக்கரையை அடைந்துவிடும். உண்மையான ஏரியோ வட்டமாக இருப்பதில்லை. ஓடைப் பள்ளத்தாக்கில் நீர் ஏறி நிற்பதால் கைவிரல்களைப் போல் பல கிளைகளாகப் பிரிந்திருக்கும். 100 மீட்டர் அகலமுள்ள ஒரு கிளையில் இரு கரைகளிலிருந்தும் 30 மீட்டருக்குத் தூண்டில் வீசுகிறார்கள் என்றால், நடுவில் எஞ்சுவது 40 மீட்டர். அதற்குள் ஒரு சிறு படகும், பிள்ளைகளோடு மிதக்கும் ஒரு கயாக்கும் இருக்கும்போது, வேகமாகச் செல்லும் ஒரே ஒரு படகு மற்ற அனைவரின் பொழுதையும் கெடுத்துவிடும். இத்தகைய ஏரிகளில் படகே இல்லாமல் கரையில் நின்று மீன்பிடிப்பவர்களும் ஏராளம் என்பதை விதிகளைப் பற்றிய விவாதங்களில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

### அடிச்சேறும் கரையும்

சிறிய அணை ஏரிகளின் மேற்பகுதி மிகவும் ஆழம் குறைந்தது. ஓடை கொண்டுவரும் வண்டல் அங்கேதான் படிகிறது. சுற்றுப்புற வயல்களின் உரத்திலிருந்து வரும் பாஸ்பரஸ் அந்த வண்டலோடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடக்கிறது. விசிறி பின்னோக்கித் தள்ளும் நீரோட்டம் அடியைத் தொட்டால் சேறு கிளம்புகிறது, அதனுடன் பாஸ்பரஸும் மேலே வருகிறது, பாசி பெருகுகிறது. புளோரிடாவின் ஆழமற்ற ஏரிகளில் நடந்த ஆய்வுகள், மோட்டார் படகு ஓடியபின் நீரின் கலங்கலும் பாஸ்பரஸும் உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கின்றன. பெரிய ஏரியில் இந்தப் பாதிப்பு பரந்த நீரில் கரைந்துவிடும். 30 ஏக்கர் ஏரியிலோ, மூன்று நாள் விடுமுறை கொண்ட ஒரு வார இறுதியின் படகுப் போக்குவரத்தே நீரின் நிறத்தை மாற்றப் போதும்.

### கூட்டைக் காக்கும் மீன்

இந்த ஏரிகளின் முதன்மை மீன் லார்ஜ்மவுத் பாஸ். வசந்த காலத்தில் நீர் சூடேறத் தொடங்கியதும், ஆண் மீன் கரையோரத்து ஆழமற்ற நீரில் வாலால் தரையைத் துடைத்து, வட்டமான கூடு அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுப் போன பிறகு காவல் முழுவதும் ஆண் மீனுடையதே. அது சற்று விலகினாலும் சுற்றிக் காத்திருக்கும் புளூகில் மீன்கள் பாய்ந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஆகவே கரையோரத்தில் வரும் அலையும் இரைச்சலும் அடுத்த தலைமுறை மீன்களின் எண்ணிக்கையைத் தொடுகிற விஷயங்கள்.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கவனிக்கத்தக்கது. பாஸ் மீன்களின் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்த அளவை அளந்துகொண்டே, அருகில் மூன்று விதமான ஒலிகளை எழுப்பிப் பார்த்தார்கள்: துடுப்புப் படகு, மின்மோட்டார், 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். மூன்றுக்குமே மீனின் உடல் பதறியது. இயல்புக்குத் திரும்பத் துடுப்புக்குப் பின் ஏறத்தாழ 15 நிமிடமும், மின்மோட்டாருக்குப் பின் 25 நிமிடமும், பெட்ரோல் எஞ்சினுக்குப் பின் 40 நிமிடமும் பிடித்தன. சட்டம் 'சிறியது' என்று அனுமதிக்கும் அதே எஞ்சின்தான் பட்டியலில் கடைசியில் நிற்கிறது. மின்மோட்டாரும் மீனுக்கு ஒன்றுமே செய்யாதது அல்ல என்பதையும் இந்த ஆய்வு சொல்கிறது. மின்மோட்டாரை முழுத் தூய்மையின் அடையாளமாகக் காட்டுபவர்கள் இதைப் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை.

### நீரில் கலக்கும் எரிபொருள்

பழைய கார்புரேட்டர் வகை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள், உறிஞ்சும் எரிபொருளில் ஏறத்தாழ கால் பங்கை எரிக்காமலேயே எண்ணெயுடன் சேர்த்து நீரில் தள்ளிவிடும். 10 லிட்டர் ஊற்றினால் இரண்டரை லிட்டர் ஏரிக்குப் போகிறது என்று பொருள். பெட்ரோலில் உள்ள பென்சீன் குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு. குடிநீர்த் தேக்கங்களில் பெட்ரோலை வாசலிலேயே நிறுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் இந்த வாதத்தின் வலு காலப்போக்கில் குறைந்திருக்கிறது. 1996-இல் அந்த முகமை கொண்டுவந்த மாசு விதிகளுக்குப் பின், புதிய எஞ்சின்கள் நான்கு ஸ்ட்ரோக் வகைக்கும், நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் இரண்டு ஸ்ட்ரோக் வகைக்கும் மாறிவிட்டன. கலிபோர்னியா-நெவாடா எல்லையில் உள்ள தாஹோ ஏரி 1999 ஜூன் முதல் பழைய கார்புரேட்டர் வகையை மட்டும் தடைசெய்து, சுத்தமான எஞ்சின்களுக்கு வழிவிட்டது. அது மிகப் பெரிய, மிக ஆழமான ஏரி. அங்கே அந்த அளவு போதுமானது. 40 ஏக்கர் ஏரியில் எரிபொருள் பிரச்சினை தீர்ந்தாலும் முன்சொன்ன மூன்றும் அப்படியே நிற்கும்.

## மின்மோட்டார் உண்மையில் என்ன செய்கிறது?

1934-இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு உருவாக்கிய சிறு கருவியே, தூண்டில்காரர்கள் இன்று ட்ரோலிங் மோட்டார் என்று அழைப்பதன் தொடக்கம். (பயணிகள் படகில் மின்சாரம் இன்னும் பழையது, பவேரியாவின் கோனிக்ஸே ஏரியில் 1909 முதலே மின்படகுகள் ஓடுகின்றன.)

ட்ரோலிங் மோட்டாரின் வலிமையைக் குதிரைத்திறனில் சொல்வதில்லை. உந்துவிசையாகப் பவுண்டில் சொல்வார்கள். 12 வோல்ட்டில் இயங்கும் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். அதாவது 600 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், இது ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் கெடும் என்பதால், முழு வேகத்தில் நம்பி ஓட்டக்கூடிய நேரம் ஒரு மணிதான். ஆனால் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறக்குறைய நிகராக உயர்வதால், வேகத்தைப் பாதியாக்கினால் செலவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே பேட்டரி நாள் முழுவதும் தாங்கும்.

விதியை எழுதியவர்கள் மனத்தில் கொண்டிருந்தது இந்த மோட்டாரையே. அவர்களுக்குப் பேட்டரியே வேகத்தடையாக இருந்தது. 'மின்மோட்டார் மட்டும்' என்ற சிறு சொற்றொடர் ஒரே வீச்சில் நான்கு காரியங்களைச் செய்தது: மெதுவாகப் போக வைத்தது, அலையைத் தடுத்தது, ஓசையைக் குறைத்தது, பெட்ரோலை விலக்கியது. வேகம் என்ற சொல்லை எழுதவே தேவை இருக்கவில்லை.

## அந்தக் கணக்கு இப்போது எங்கே உடைகிறது?

லித்தியம் வகை வந்தபின் பேட்டரியின் எடை பாதியைவிடக் குறைந்துவிட்டது. 2005-இல் ஜெர்மனியில் தொடங்கிய டார்கீடோ நிறுவனம் படகின் பின்புறம் பொருத்தும் மின் எஞ்சின்களை 50 கிலோவாட் வரை விற்கிறது. அது சுமார் 67 குதிரைத்திறன். பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பெயர்போன மெர்க்குரியும் 2023-இல் அவேட்டர் என்ற மின் வரிசையைத் தொடங்கிவிட்டது. 2022-இல் மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியில் ஒரு மின்படகு மணிக்கு 109 மைல் வேகத்தைத் தொட்டது. அவ்வளவு பெரிய படகு 40 ஏக்கர் ஏரிக்கு வரப்போவதில்லை. ஆனால் லேசான அலுமினியப் படகில் நான்கைந்து கிலோவாட் மின் எஞ்சினைப் பொருத்தி நீரின் மேற்பரப்பில் சறுக்கிச் செல்வது இன்றே இயலும். 'மின்மோட்டார் மட்டும்' என்று மட்டும் எழுதியுள்ள ஏரியில் அப்படிச் செல்பவர் அந்த விதியை மீறவில்லை.

இதற்கு இரண்டு தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, மோட்டாரின் வகையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது. இதில் நியாயம் உண்டு. 60 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய ஒரே படகை வைத்திருப்பவர் அதற்காக இன்னொரு படகு வாங்க வேண்டியதில்லை. முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும், எதிர்க்காற்றில் பேட்டரி தீர்ந்து சிக்கிக்கொள்ளும் அச்சம் இல்லை. பெரிய நீர்ப்பரப்புகளில் வரம்புகள் தளர்ந்தே வந்திருக்கின்றன; பென்சில்வேனியா-ஒஹையோ எல்லையில் உள்ள 17,000 ஏக்கர் பைமட்டூனிங் தேக்கத்தில் 10 குதிரைத்திறன் வரம்பு 20 ஆனது. அத்தனை பரந்த நீரில் காற்றெழுந்தால் சிறிய எஞ்சினே ஆபத்து என்பதால் அது சரியான முடிவு.

ஆனால் சிறிய ஏரிகளுக்கு இந்தத் தீர்வு மட்டும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. காரணம் கண்காணிப்பு. ஒரு மாவட்டத்தின் பல ஏரிகளை ஒன்றிரண்டு காவலர்களே பார்த்துக்கொள்கிறார்கள். காவலர் இல்லாத நேரமே அதிகம். பெட்ரோல் எஞ்சின் இயங்கினால் ஏரியின் எந்த மூலையில் இருப்பவருக்கும் காதில் விழும். அது விதிமீறல் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. 'சற்று வேகமாகப் போனாரா, இல்லையா' என்பதோ பார்ப்பவரின் கருத்தாக முடிந்துவிடும். தானாகவே நடைமுறைக்கு வரும் ஒரு விதியைக் கைவிட்டு, காவலர் பக்கத்தில் நின்றால் மட்டும் நடைமுறைக்கு வரும் விதியை ஏற்பது சிறிய ஏரிகளுக்கு இழப்பு.

எனவே இரண்டாவது தீர்வே ஏற்கத்தக்கது. நூறு ஏக்கருக்கு உட்பட்ட ஏரிகளில் மின்மோட்டார் விதியைத் தொடர்ந்து, அதனுடன் அலை எழுப்பாத வேகம் என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்க்க வேண்டும். முன்பு பேட்டரியின் பலவீனம் செய்துவந்த வேலையை இனி விதியின் சொற்கள் செய்யட்டும். தூக்கிவைத்த பெட்ரோல் எஞ்சினோடு வருவதைக் குடிநீர்த் தேக்கம் அல்லாத ஏரிகளில் அனுமதிப்பது, ஒரே படகு வைத்திருப்பவரின் குறையைப் பெருமளவு தீர்க்கும். அதற்கு ஒரு முன்னெச்சரிக்கை தேவை. பெட்ரோல் எஞ்சினின் குளிர்விப்புக் குழாய்களில் பழைய ஏரியின் நீர் தங்கி, 1988 முதல் அமெரிக்காவில் பரவிவரும் வரிச்சிப்பி போன்ற அந்நிய உயிரிகளின் குஞ்சுகளைச் சுமந்து வரும். ஆகையால் எஞ்சினை முழுக்க வடித்து உலர்த்திய பிறகே படகை இறக்க வேண்டும்.

## படகை இறக்கும் முன்

1. மாநிலத்தின் பொதுவிதியைப் படித்துவிட்டு நிறுத்திவிடாமல், குறிப்பிட்ட ஏரிக்கான விதியைப் பாருங்கள். மாநிலப் பூங்காத் துறை, மீன்வளத் துறை, நகராட்சி என நிர்வாகம் எதுவோ அதற்கேற்ப விதி மாறும். ஒரே சாலையில் அடுத்தடுத்து உள்ள இரு ஏரிகள் வெவ்வேறு நிர்வாகத்தில் இருக்கலாம்.

2. பெட்ரோல் எஞ்சினைப் 'பயன்படுத்தக் கூடாது' என்கிறதா, படகில் 'பொருத்தியிருக்கவே கூடாது' என்கிறதா என்று கவனியுங்கள். அபராதம் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

3. மின்மோட்டாரும் மோட்டார்தான். பென்சில்வேனியா, ஒஹையோ உள்ளிட்ட மாநிலங்களில் சிறு மின்மோட்டார் பொருத்திய படகும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். துடுப்பு மட்டும் போட்ட நாட்களில் தேவைப்படாத பதிவெண், மோட்டார் மாட்டிய அன்றே சில மாநிலங்களில் தேவையாகிவிடுகிறது.

4. துடுப்பு ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். போகும்போது காற்று முதுகுப்பக்கம் வீசினால், திரும்பும்போது அதே தூரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் பேட்டரி செலவாகக்கூடும். பாதிக் கொள்ளளவு தீர்வதற்கு வெகு முன்பே படகைத் திருப்பிவிடுவது நல்லது.